அளத்துமேட்டில் ஒரு தலை குறைகிறது

புயல் என்றால் காற்றும் மழையும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாலுக்கா ஆபீஸ் கண்ட்ரோல் ரூமில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது முக்கால்வாசி போன். காலை ஆறு மணியிலிருந்து வினோதினி நான்கு போன்களோடும் ஒரு வாக்கிடாக்கியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மின்வாரியம் தீயணைப்பைக் கேட்கும். தீயணைப்பு நெடுஞ்சாலையைக் கேட்கும். நெடுஞ்சாலை, மரம் அறுக்கும் மெஷினுக்கு ஆள் எங்கே என்று வருவாய்த்துறையைக் கேட்கும். சுற்றிச் சுற்றி எல்லோரும் கடைசியில் வினோதினியைக் கேட்பார்கள். "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அவள் வானூர் தாலுக்கா ஆபீசில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். புயல் மரக்காணம் பக்கம்தான் கரையைக் கடக்கும் என்று தெரிந்ததும், "உனக்குத்தான் அந்தப் பக்கத்து ஊரெல்லாம் அத்துப்படியாச்சே" என்று மூன்று நாள் டியூட்டி போட்டு மரக்காணம் தாலுக்கா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்துப்படி இல்லாமல் என்ன? பிறந்து வளர்ந்ததே இங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் இருக்கும் அளத்துமேட்டில். அந்த ஆறு கிலோமீட்டரை அவள் தாண்டி மூன்று வருஷம் ஆகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

காலை எட்டரை மணி வரை பெய்த மழை அறுபத்து நான்கு மில்லிமீட்டர் என்று கம்ப்யூட்டரில் ஏற்றியது அவள்தான். அம்மா வீட்டுக் கூரைமேல் எவ்வளவு மழை விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரியாது. காற்று எந்தத் திசையில், எத்தனை வேகத்தில் அடிக்கிறது என்று தெரியும். அப்பா இன்னும் இருமிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாது. இப்படி ஒரு வேலையில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அன்று காலையில் மட்டும் நாலு தடவை நினைத்துவிட்டாள்.

அவளுடைய அப்பா குழந்தைசாமி உப்பளத்து மேஸ்திரி. அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து கரையேறும்போது மேஸ்திரி தலை எண்ணுவார். வாயால் எண்ணினால் செல்லாது. ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் கை வைத்து எண்ண வேண்டும். வெயிலில் மயங்கி யாராவது வரப்புக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தால் தெரியாமல் போய்விடும் என்று வந்த வழக்கம் அது. ஒரு தலை குறைந்தால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். "இப்பதாங்க வீட்டுக்குப் போனா, நான் பாத்தேன்" என்று யாராவது சொன்னாலும் குழந்தைசாமி விடமாட்டார். "கண்ணால பாத்தா தான் தலை" என்பார். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும் வினோதினி, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றுகொள்வாள். அப்பா சிரிக்காமல் அவள் தலையிலும் கை வைப்பார். "பதினேழு. சரி, நடங்க." அந்தக் கையிலிருந்த உப்பு தலைமுடியில் ஒட்டிக்கொண்டு, ராத்திரி படுக்கும்போதுகூட நறநறவென்று இருக்கும்.

அப்படிப்பட்ட மனுஷன், அவள் கௌதமனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்ற அன்று கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கௌதமன் வானூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வேறு சாதி. வேறு ஒரு குறையும் யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒன்றே போதுமென்றுதானே ஊர் வைத்திருக்கிறது. பையோடு வாசலில் நின்றவளுக்குக் காதில் விழும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார்: "செல்லம்மா, இனிமே இந்த வீட்டுல ரெண்டு தலை தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. கௌதமன் வீட்டு ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்க்க, இங்கே நீக்க வேண்டியிருந்தது. கேட்டு ஆள் அனுப்பினாள். ஒரு மாதமாவது இழுத்தடிப்பார், நாலு வார்த்தை திட்டியாவது அனுப்புவார் என்று எதிர்பார்த்தாள். மறுவாரமே கையெழுத்துப் போட்டு நீக்கிக் கொடுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

மதியம் ஒரு மணிக்கு வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தாசில்தார் சக்கரபாணி சுவரில் ஒட்டிய பெரிய சார்ட் முன்னால் நின்றுகொண்டு, பக்கத்திலேயே இருந்தவர்களிடமும் மைதானத்தில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். குரலை இறக்கிப் பேச அவருக்குத் தெரியாது. ஆனால் வேலை தெரிந்த மனிதர். பன்னிரண்டு பாதுகாப்பு மையங்களிலும் ஊர்வாரியாகத் தலை எண்ணி, நான்கு மணிக்குள் 'வராதவர் இல்லை' என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டும் சொன்ன பிறகுதான் மின்வாரியம் லைனை நிறுத்தும். நெடுஞ்சாலைத்துறை ஈ.சி.ஆரை மூடும். மீட்புக் குழு ரப்பர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடும். ஒரு மையத்தில் ஒரு ஆள் குறைந்தாலும் எல்லாத் துறையும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதிலும் அவர் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். "காணோம்னு யார் சொன்னாங்களோ, அவங்களே ஆளைப் பாத்து கையெழுத்துப் போடணும். கிடைச்சிட்டாங்கன்னு போன்ல சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்." எங்கேயோ ஒரு புயலில், காணாமல் போனவர் கிடைத்துவிட்டார் என்று போனில் சொல்லி முடித்துவிட்டார்களாம். கிடைத்தது அதே பெயருள்ள வேறொருவர். அந்தக் கதையை அவர் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இரண்டு மணிக்குப் பதினொரு மையங்கள் முடிந்தன. இரண்டே காலுக்கு அளத்துமேட்டிலிருந்து வி.ஏ.ஓ. சத்யப்ரியா பேசினாள். வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

"கண்ட்ரோல் ரூமா? அளத்துமேடு மையம். வரவேண்டியவங்க நானூத்திப் பன்னெண்டு. வந்தவங்க நானூத்திப் பதினொண்ணு. ஒருத்தர் வரல."

வினோதினி லிஸ்டைப் பார்த்தாள். "மேடம், என்கிட்ட நானூத்திப் பதினொண்ணு தானே இருக்குது. ஒண்ணு அதிகமா சொல்றீங்களே?"

"லிஸ்ட்ல இல்லீங்க. வீட்டுக்காரங்களே வந்து, எங்க வீட்டுல ஒரு ஆள் குறையுதுன்னு சொல்றாங்க. நான் எப்படி எழுதாம விடறது? பேர் எழுதிக்கங்க. வினோதினி. பெண். தகப்பனார் குழந்தைசாமி. வயசு இருபத்திரண்டு."

வினோதினியின் விரல் கீபோர்டு மேலேயே நின்றுவிட்டது.

இருபத்திரண்டு அவள் வீட்டை விட்டுக் கிளம்பியபோது இருந்த வயது. இப்போது இருபத்தைந்து. நடுவில் போன மூன்று வருஷத்தை அந்த வீட்டில் யாரும் அவளுக்குக் கூட்டவே இல்லை. அம்மாதான். அம்மா தவிர யார் சொல்லியிருப்பார்கள்? அப்பா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வி.ஏ.ஓ. காதில் ஓதியிருப்பாள்.

உடனே "அது நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு வெட்கங்கெட்ட சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷமாக அவள் பெயர் எந்த லிஸ்டிலும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அளத்துமேட்டில், நானூறு பேருக்கு நடுவில், அவளைக் காணோம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். காணோம் என்றால் தேடுகிறார்கள் என்றுதானே அர்த்தம். அந்த வார்த்தையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்போல இருந்தது.

போன் ஸ்பீக்கரில் இருந்ததை அவள் மறந்துவிட்டாள். சக்கரபாணி அதற்குள் வாக்கிடாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"மீட்புக் குழு! அளத்துமேடு. இருபத்திரண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு மிஸ்ஸிங். பேர் வினோதினி. உப்பளத்துப் பக்கம் பாருங்க. ஆறு பேர் இறங்குங்க."

"இறங்கறோம் சார்" என்று பதில் வந்தது.

அப்போதுதான் வினோதினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழுவெளி ஏரித் தண்ணீர் அளத்துக்குள் ஏற ஆரம்பித்துவிட்டது என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் அவளேதான் எழுதினாள். எது வரப்பு, எது பாத்தி என்று தெரியாத அந்தச் சேற்றில் ஆறு பேர் அவளைத் தேடி இறங்கப்போகிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் தலை எண்ணுகிறவர்கள் இருப்பார்கள்.

"சார்."

"என்னம்மா? போனை எடு, அடிக்குது பாரு."

"சார், அந்தப் பொண்ணு நான்தான் சார்."

சக்கரபாணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "காலையில சாப்பிட்டியா நீ?"

"நிஜமா சார். குழந்தைசாமி என் அப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் போக்குவரத்து இல்ல. எங்கம்மா என்னையும் சேத்து சொல்லியிருக்காங்க."

அறையில் இருந்த நாலு துறைக்காரர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷ சர்வீசில், காணாமல் போனவரே உட்கார்ந்து தன் பெயரை டைப் அடிப்பதை யாரும் பார்த்ததில்லை. சக்கரபாணி வாக்கிடாக்கியில் கூப்பிட்டுப் பார்த்தார். கரகரவென்றதே தவிர ஆள் குரல் வரவில்லை, குழு இறங்கிவிட்டது. வி.ஏ.ஓ.வுக்கு வினோதினியே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"சொல்லிப் பாத்துட்டேங்க. ஒத்துக்கல. கண்ணால பாக்காம உள்ள வரமாட்டேன்னு கேட்டுக்கு வெளியவே நிக்கிறாங்க. இங்க காத்து தள்ளுது. என்ன பண்றதுன்னே தெரியல."

முழங்கால் வலியோடு அம்மா வெளியே நிற்கிறாளா? வினோதினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவறதுக்கு நேரமில்ல" என்றார் சக்கரபாணி. குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. "ஜெனரேட்டருக்கு டீசல் எடுத்துக்கிட்டு ஜீப் போவுது. ஏறு. போற வழியில அந்தப் பசங்களைக் கரையேறச் சொல்லு. போய் உன் தலைய காட்டு. நாலு மணிக்கு ரோடு மூடிடுவேன், ஞாபகம் வச்சுக்க."

ஜீப் ஈ.சி.ஆரில் இருந்து உப்பளத்துச் சாலையில் திரும்பியதும் டிரைவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காற்று பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு பக்கமும் தண்ணீர்தான். பாத்திகளெல்லாம் கரைந்து ஒரே வெளியாகிவிட்டது. போன சீசன் உப்பை மேட்டில் குவித்து, பனையோலை போட்டு, அதன்மேல் தார்ப்பாய் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டு அப்பாவுடையதுதான் என்று வினோதினிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கயிற்றை இரண்டு சுற்று சுற்றி மூன்றாவதைக் குறுக்கே விடுவார். வேறு யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள். மூன்று வருஷமாகப் பார்க்காத ஒரு மனுஷரின் கயிற்றுமுடிச்சைப் பார்த்து நெஞ்சு அடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர்கள் ஒருவர் இடுப்புக் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூங்கிலால் சேற்றைக் குத்திப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போனவர் கையில் மெகாபோன்.

"வினோதினீ! யம்மா வினோதினீ! சத்தம் குடும்மா!"

அவள் பெயரைச் சொந்த ஊரில் ஒருவர் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. கூப்பிட்டவரோ எந்த ஊர்க்காரரோ. அவள் முகம்கூடத் தெரியாது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். வினோதினி ஜீப்பிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அண்ணே! நான்தாண்ணே வினோதினி! கரையேறிடுங்கண்ணே!"

மெகாபோன்காரர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஆட்களைத் திருப்பினார்.

அளத்துமேட்டுப் பாதுகாப்பு மையம் தூண்கள் மேல் கட்டிய மாடிக் கட்டடம். சரிவுப் பாதை முடியும் இடத்தில் இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே சத்யப்ரியா ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்டுக்கு வெளியே, உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு உருவம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது.

வினோதினி ஜீப்பிலிருந்து குதித்தாள். "அம்மா எங்க மேடம்? வெளிய நிக்கிறாங்கன்னீங்க?"

"அம்மாவா? அவங்க மேல இருக்காங்க. லிஸ்ட்ல ரெண்டு பேர்தானே இருந்துச்சு. அவங்களும் ரெண்டுன்னு தான் சொன்னாங்க." சத்யப்ரியா கேட்டுக்கு வெளியே கையைக் காட்டினாள். "இவருதான் விடல. 'ரெண்டு இல்ல மேடம், எங்க வீட்டுல மூணு தலை. ஒண்ணு குறையுது, எழுதுங்க'ன்னு ஒரே பிடியா நின்னாரு. எழுதற வரைக்கும் என்னைக் கதவ சாத்த விடல."

கொங்காணிக்குள் இருந்த முகம் திரும்பியது. அப்பா இளைத்திருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பேசாமல் இருந்து இருந்து இருவருக்குமே அது பழகிப்போயிருந்தது.

"வானூர்ல ஓட்டு வீடாமே" என்றார் கடைசியில். அவளைப் பார்க்காமலேயே சொன்னார். "இந்தக் காத்துக்கு ஓடு நிக்காதுன்னாங்க."

யார் சொன்னார்கள், எப்போது விசாரித்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள். "நான் இங்க தாலுக்கா ஆபீஸ்ல இருக்கேம்பா. நேத்துலேர்ந்து" என்று மட்டும் சொன்னாள்.

"உள்ள வாங்க, முதல்ல உள்ள வாங்க" என்று சத்யப்ரியா அவசரப்படுத்தினாள். மாடிப்படியில் அம்மா ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கிக்கொண்டிருந்தாள். "வினோ" என்று ஒரு வார்த்தை சொன்னாள். வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

குழந்தைசாமி கேட்டுக்குள் வந்து சாக்கை எடுத்து உதறினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று சத்யப்ரியாவுக்குப் புரியவில்லை. அங்கே நின்ற அளத்து ஜனங்களுக்குப் புரிந்தது. முதலில் தன் தலையில் கை வைத்தார். "ஒண்ணு." செல்லம்மாள் தலையில் வைத்தார். "ரெண்டு." பிறகு கை வினோதினியின் உச்சந்தலைக்கு வந்தது. வந்த கை உடனே எடுபடவில்லை. எண்ணையும் அவர் சொல்லவில்லை. சின்ன வயதில் வரிசையின் கடைசியில் நின்றதுபோலவே அவள் அசையாமல் நின்றாள். இந்தக் கைக்காக மூன்று வருஷம் ஏங்கியிருக்கிறாள். இன்னும் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள்.

"மூணு" என்றார். ரிஜிஸ்டரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். 'வயது 22' என்று எழுதியிருந்ததை சத்யப்ரியா அடிக்கப் போனாள். வினோதினிதான், "இருக்கட்டும் மேடம்" என்றாள்.

நேரம் மூன்று ஐம்பது. வினோதினி மையத்து வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"கண்ட்ரோல் ரூம், அளத்துமேடு பேசுது. வந்தவங்க நானூத்திப் பன்னெண்டு. வராதவங்க யாருமில்ல சார்."

"அங்கேயே இரு" என்றார் சக்கரபாணி. "இனிமே திரும்பி வராத. அந்த வி.ஏ.ஓ. பொண்ணுக்கு ஒத்தாசையா இரு." பின்னாலேயே மின்வாரியத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அவர் கத்துவது கேட்டது.

வாக்கிடாக்கியை வைக்கப்போனவளை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கேட்டைச் சாத்தக் காத்திருந்த ஆளையும் கொஞ்சம் நில் என்றார். அவருக்கு இன்னும் ஏதோ குறைந்தது.

"வானூர்ல ஒரு தலை இருக்குதே" என்றார். "அது எண்ணியாச்சா?"

வினோதினிக்கு முதலில் புரியவில்லை. கௌதமன் மதியமே பள்ளிக்கூடத்து மையத்துக்குப் போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. போனை எடுத்து வானூர் கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டாள். அவளுடைய சொந்த ஆபீஸ்தான்.

"ஒருத்தர் மையத்துக்கு வந்துட்டாரான்னு பாத்து சொல்லுங்க. பேர் கௌதமன்."

"கேக்கறது யாருங்க? உறவு எழுதணும்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

வினோதினி போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். மின்சாரம் நின்றது, மையம் மொத்தமும் சட்டென்று மங்கியது. அம்மா அவள் கையை இன்னும் விடவில்லை.

"எங்க வீட்டு ஆளுன்னு எழுதச் சொல்லு" என்றார் குழந்தைசாமி. பதில் வரும்வரை கேட்டைச் சாத்த விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.